வரைபடத்தில் காணாமல் போகும் படகு

இரண்டு வருடங்களுக்கு முன்னர், மாரி முடிந்து கடல் மெல்லப் படியத் தொடங்கிய நாட்களில், யாழ்ப்பாணம் குருநகர்க் கரையில் நடந்த சங்கதி இது. யாருடைய பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. பெயர் சொல்லாவிட்டாலும் எங்கள் ஊர்ச் சனம் ஆளைக் கண்டுபிடித்துவிடும். அது அவர்களுடைய கெட்டித்தனம், அதற்கு நான் பொறுப்பில்லை.

நான் ஒரு மீனவரின் மனைவி. பள்ளிக்கூடப் படிப்பு பெரிதாக இல்லை. எங்கள் மீனவர் சங்கக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், சின்ன வேலை. கூட்டிப் பெருக்குவதில் தொடங்கி, கணினியில் தட்டுவதுவரை என் தலையில் வந்து விழுந்துவிட்டது. யாரும் வகுப்பு எடுக்கவில்லை. பயமில்லாமல் தட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அந்த வருடம் ஒரு திட்டத்தின் கீழ் எங்கள் சங்கத்துப் படகுகள் சிலவற்றில் சின்னப் பெட்டி ஒன்றைப் பூட்டினார்கள். கைக்குள் அடங்கும் அளவு. மேலே வெயிலில் மின்சாரம் எடுக்கும் தகடு. படகு எங்கே நிற்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்று அது அடிக்கடி வானத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் சேதி கந்தோர்க் கணினியில் வரைபடமாக வந்து விழும். எஞ்சின் நின்று, காற்று படகை இழுத்துப் போனால் தேடிப் பிடிக்க உதவும் என்று சொன்னதால்தான் ஆண்கள் சம்மதித்தார்கள். இன்னொரு நோக்கமும் இருந்தது. கள்ள மீன்பிடித் தொழில் எங்கே நடக்கக்கூடும் என்று கண்டுபிடிப்பது.

அதைக் கண்டுபிடிப்பது ஒன்றும் மந்திரம் இல்லை. அடியில் வலை போட்டு இழுக்கிற படகு, வயல் உழுகிற மெஷின் மாதிரி மெதுவாகப் போய், போன வழியே திரும்பி வரும். ஒரே இடத்தில் புள்ளி புள்ளியாக நின்றால் தூண்டிலோ மீன் பிடிக்கும் கூடோ. நேர்கோடாக விரைந்து வந்தால் ஆளுக்குப் பசி, வீட்டுக்கு வருகிறார். எங்கள் கடலில் கடற்புல் நிறைந்த ஒரு பகுதி இருக்கிறது. இறாலும் மீன்குஞ்சும் வளருகிற இடம். அங்கே எந்தத் தொழிலும் செய்யக்கூடாது என்று மூடிவைத்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு படகு மெதுவாகத் திரிந்தாலும் சரி, அதற்குப் பக்கத்தில் போய்ச் சேதி அறுந்தாலும் சரி, கணினி தானாகவே அந்தப் படகைச் சிவப்பாக்கிவிடும். ஒவ்வொரு நாளும் காலையில் அதைப் பார்த்துக் கடற்றொழில் உத்தியோகத்தருக்குச் சொல்வது என் வேலை.

பெட்டி பூட்டிய வீட்டுக்காரருக்கெல்லாம் அந்த வரைபடத்தைப் போனிலும் பார்க்க விட்டிருந்தார்கள். பெண்களுக்குக் கொண்டாட்டம் என்றால் சொல்லி முடியாது. புள்ளி கரைப்பக்கம் திரும்பினால் உலை வைப்பார்கள். "கலியாணம் கட்டின காலத்திலையிருந்து இப்பதானடி என்ரை மனிசன் எங்கை நிக்கிறார் எண்டு எனக்குச் சரியாத் தெரியுது" என்று ஒருத்தி சொன்னதை நினைத்து இன்றைக்கும் சிரிப்பேன்.

இனி அந்த அண்ணையின் கதைக்கு வருகிறேன். என் கணவருக்கு அவர் மச்சான் முறை. ஆனால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லை. முன்பொரு காலம் என் கணவர் தூரத்தில் நின்று அவருடைய படகைப் பின்தொடர்ந்து போய், அவர் கூடு போடும் இடத்தைக் கண்டுபிடித்து, பக்கத்திலேயே தன் கூடுகளையும் இறக்கிவிட்டார். மீன் பிடிக்கக் கம்பியால் பின்னிக் கடலடியில் இறக்கி வைப்போமே, அந்தக் கூடுதான். அன்றிலிருந்து பேச்சு இல்லை. எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்கு வந்தால் ஒருவர் வலப்பக்க வாங்கில் உட்காருவார், மற்றவர் இடப்பக்க வாங்கில். என்னோடு மட்டும் அண்ணை ஒரு சொல், இரண்டு சொல் கதைப்பார்.

அவருடைய படகுதான் சிவப்பாகத் தொடங்கியது. காலையில் கரையிலிருந்து ஒழுங்காகப் போகும். மூடிவைத்த பகுதியின் ஓரத்துக்கு வந்ததும் புள்ளி மறைந்துவிடும். வெகுநேரம் கழித்து அதே ஓரத்தில் திரும்ப முளைக்கும். ஒருநாள் என்றால் பெட்டி பழுது என்று விடலாம். திரும்பத் திரும்ப அதே மாதிரி. வேறு இடத்தில் ஒருபோதும் மறைவதில்லை.

நான் சொல்லாமல் விட முடியாது. உத்தியோகத்தரின் கணினியிலும் அந்தச் சிவப்பு தெரியும். ஊருக்குள் கதை கிளம்பிவிட்டது. "டைனமற் வெடி அடிக்கிறார் போலை" என்று ஒருவர். "இல்லை, தடைசெய்த வலை" என்று இன்னொருவர். கண்டதைப் போல ஆளுக்கொரு படம் ஓட்டினார்கள்.

சங்கத்தில் கூட்டம் வைத்தார்கள். உத்தியோகத்தர் ஒரு பெண்பிள்ளை. உடுவில் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பம். கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி, ஆனால் நியாயமான பிள்ளை. எங்கள் ஆட்கள் அவவை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். தகுந்த காரணம் சொல்லாவிட்டால் அந்தப் பருவம் முழுவதும் அனுமதிப்பத்திரத்தை நிறுத்திவைக்க வேண்டிவரும் என்று அவ மெதுவாகச் சொன்னா. படகைக் கட்டிப்போட வேண்டியதுதான். அந்தப் படகை நம்பி இரண்டு வீடு இருந்தது. ஒன்று அண்ணையுடையது. மற்றது கணவனை இழந்த அவருடைய தங்கையுடையது.

"எங்கை நிண்டனீங்கள் எண்டு மட்டும் சொல்லுங்கோ ஐயா" என்றா மிஸ்.

"கடலிலைதான் நிண்டனான்" என்றார் அண்ணை.

"கடலிலை எண்டு எங்களுக்கும் தெரியுமப்பா" என்று சங்கத் தலைவர் சத்தம் போட்டார். "ஊர் டைனமற் எண்டு கதைக்குது. வாயைத் திறவுமன்!"

அண்ணை நிமிர்ந்து ஒரு தரம் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்துவிட்டார். அடுத்த கூட்டம் வரைக்கும் தவணை கொடுத்தார்கள். கூட்டம் கலைந்த பின் மிஸ் என்னிடம், "அக்கா, சிவப்பு எண்டா கள்ளன் எண்டு இல்லை. போய்க் கேட்டுப் பாக்கவேணும் எண்டதுதான். அவர் கேட்டாலும் சொல்லுறார் இல்லை, நான் என்ன செய்யிறது?" என்று கவலைப்பட்டா. எனக்கோ அவர் என்னைப் பார்த்த பார்வைதான் மனதுக்குள் குத்திக்கொண்டிருந்தது.

முடிச்சு அவிழ்ந்தது கணினியில் இல்லை, கோயில் முற்றத்தில். செபமாலை முடிந்து பெண்கள் கூடி நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். அண்ணையின் மனைவி, எனக்கு மச்சாள், தன் குறையைச் சொல்லிக்கொண்டிருந்தா. சோறு வடிக்கிற பெரிய அலுமினியச் சருவத்தை மனிசன் ஒவ்வொரு நாளும் கடலுக்குத் தூக்கிக்கொண்டு போகிறாராம்.

"கேட்டால் கடலிலை கறி வைக்கவாம். அடியிலை ஒரு பொட்டுக் கரி பிடிச்சு நான் கண்டதில்லை. என்ன கறியோ, என்ன அடுப்போ!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்குப் பளிச்சென்று பட்டது. அடுத்தநாள் கந்தோரில் மேலதிகமாகக் கிடந்த பெட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தேன். போனில் புள்ளி தெரிந்தது. என் சருவத்தை எடுத்துக் கவிழ்த்து அதை மூடினேன். கொஞ்ச நேரத்தில் புள்ளி இல்லை. திறந்தேன், வந்தது. மூடினேன், போனது.

என் கணவர் படலையைத் திறந்துகொண்டு வந்தவர், "என்னப்பா, வெறுந்தரையிலை சோறு வடிக்கிறியோ?" என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அப்போது எனக்கே விளங்கவில்லை.

கடல் தெரியாத வாசகர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஆட்கள் வீட்டுச் சண்டையை நடுத்தெருவில் வைத்துக் கதைப்பார்கள். வருத்தத்தைக் கதைப்பார்கள், கடனைக் கதைப்பார்கள். ஆனால் நல்ல மீன் படும் இடத்தைக் கதைக்கமாட்டார்கள். கரையிலிருந்து எந்தத் திசையில் போகிறாரோ அந்தத் திசையில் அவருடைய இடம் இருக்காது, சுற்றித்தான் போவார். "எங்கை பட்டது?" என்று கேட்டால் "உங்காலை", அந்தப் பக்கம், என்று நாடியை நீட்டிக் கடலைக் காட்டுவார். கேட்பவரும் அதற்கு மேல் கேட்கமாட்டார். அப்படிப்பட்ட ஆண்களின் படகில் பெட்டியைப் பூட்டி, ஒருவர் நிற்கும் இடத்தை எல்லார் வீட்டுப் போனிலும் காட்டியபோது, அது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எங்களில் ஒருவருமே யோசிக்கவில்லை. பெட்டியைக் கொண்டுவந்தவர்களும் யோசிக்கவில்லை, உலை வைக்கிற அவசரத்தில் நாங்களும் யோசிக்கவில்லை.

பின்னேரம் அண்ணை வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் கூட்டுக்குக் கம்பி முடைந்துகொண்டிருந்தார்.

"அண்ணை, சருவத்தாலை மூடுறனீங்கள் எண்டு எனக்குத் தெரியும்" என்றேன்.

கை நின்றது. மறுக்கவில்லை. "ஆரிட்டைச் சொன்னனி?"

"ஒருத்தரிட்டையும் இல்லை."

"உன்ரை மனிசனிட்டை?"

"அவரிட்டையும் இல்லை."

கம்பியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "தங்கச்சி, எனக்கு உன்னிலை கோபம் இல்லை. ஆனா எனக்கு எண்டு மிஞ்சியிருக்கிறது அந்த ஒரு இடம்தான். மற்றதை உன்ரை மனிசன் எடுத்துப்போட்டான். அந்தக் கந்தோரிலை வரைபடம் பாக்கிறது ஆர்? நீ. உன்னட்டைச் சொல்லுறதும் அவனட்டைச் சொல்லுறதும் ஒண்டுதானே?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் பக்கம் நின்று பார்த்தால் அதில் என்ன பிழை?

"அப்ப படகைக் கட்டிப்போடப் போறீங்களோ? உங்கடை தங்கச்சியின்ரை பிள்ளையள்?"

"படகைக் கட்டினால் ஒரு பருவம். இடம் போனால் போனதுதான்."

உள்ளே நின்ற மச்சாள் வெளியே வந்துவிட்டா. "உதுக்குத்தானோ என்ரை சருவத்தைக் கொண்டு போனனீங்கள்? ஊர் டைனமற் எண்டு சொல்லுது, நான் கோயிலுக்குத் தலை நிமித்திப் போகேலாமல் கிடக்கு. மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோவன்! உடுவில் பிள்ளைக்கு உங்கடை இடத்தை வைச்சு என்ன கூடு போடவோ தெரியும்?"

அவர் யோசித்தார். மச்சாள் சொன்னதில் வழி இருந்தது. இறுதியில் சம்மதித்தார். ஆனால் மிஸ் தனியாக ஆண்களோடு படகில் வரத் தயங்கினா. கூட ஒரு பெண் வேண்டும். மச்சாளுக்குக் கடலென்றால் தலைசுற்று. "அப்ப நீ வா" என்றார் என்னைப் பார்த்து. மனமில்லாமல்தான் சொன்னார்.

விடிந்த பிறகு இறங்குதுறைக்குப் போனோம். இரண்டு பெண்கள் படகேறுவதைக் கண்டதும் அங்கு நின்றவர்களுக்குச் சும்மா இருக்க முடியுமா? "என்ன அண்ணை, பொம்பிளை பாக்கவோ போறியள்?" என்று ஒருவர். "மிஸ், வாந்தி எடுத்தால் காத்துப் பக்கம் எடுக்காதேங்கோ, திருப்பி உங்களுக்குத்தான் வரும்" என்று இன்னொருவர். என் கணவரும் வலை மூட்டைக்கு மேல் இருந்தார். சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

கரை சிறுத்ததும் அண்ணை சருவத்தை எடுத்து வைத்தார். "போனுகளை உதுக்குள்ளை போடுங்கோ" என்றார். மிஸ் திகைத்துப்போய் என்னைப் பார்த்தா. நான் என்னுடையதைப் போட்டேன். அவவும் போட்டா. அண்ணை மேலே ஒரு தட்டத்தை வைத்து, அதற்கு மேல் நங்கூரக் கயிற்றையும் சுற்றி வைத்தார். நாட்டின் இரகசியப் பெட்டகம் கூட அவ்வளவு காவலில் இருக்காது. மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு வாந்தியும் வந்துவிட்டது. அண்ணை ஒரு தேசிக்காயை நறுக்கி நீட்டினார். "மோந்துகொண்டு தூரத்திலை பாருங்கோ பிள்ளை. தண்ணியைப் பாராதேங்கோ." மிஸ் பிள்ளையானது அந்த நேரத்தில்தான்.

மூடிய பகுதியின் ஓரத்துக்குப் போய், வழக்கம்போல அங்கே பெட்டியை மூடி, சருவத்துக்குப் பதில் அன்றைக்கு ஒரு தகர வாளியால், பிறகு அந்தப் பகுதிக்கு முதுகு காட்டித் திரும்பி, வெகுதூரம் ஓடினோம். எஞ்சினை நிறுத்தியபோது கடல் எண்ணெய் ஊற்றியது மாதிரி அசையாமல் கிடந்தது. அடியில் எந்தக் காலத்திலோ மூழ்கித் தாண்டுபோன பழைய சரக்குப் படகு ஒன்று கிடக்கிறதாம். அதைச் சுற்றித்தான் மீன். மேலே மிதவைகூட இல்லை. கண்டால் யாராவது வந்துவிடுவார்கள் என்று கயிற்றைத் தண்ணீருக்குள்ளேயே விட்டிருந்தார். கொக்கியைப் போட்டுக் கயிற்றைப் பிடித்துக் கூடு ஒன்றை இழுத்தார். அதில் பாசி தாடி மாதிரித் தொங்கியது. நேற்று இன்று இறக்கிய கூடு இல்லை என்று பார்த்த உடனே தெரிந்தது. உள்ளே ஒட்டியும் ஓராவும் ஒரு பெரிய கலவாயும் துள்ளின.

தன் கையடக்க ஜி.பி.எஸ். கருவியை அண்ணை மிஸ்ஸிடம் காட்டினார். கையில் கொடுக்கவில்லை. பெருவிரலால் திரையின் பாதியை மறைத்துக்கொண்டே, நிற்கும் இடத்தையும் முந்திய நாட்களில் வந்துபோன தடத்தையும் மட்டும் காட்டினார். மிஸ் தான் கொண்டுவந்த கடற்படத்தை மடியில் விரித்து, மூடிய பகுதியின் எல்லையோடு ஒப்பிட்டா. இரண்டு தரம் பார்த்தா.

"எல்லைக்குக் கிட்டவும் இல்லை ஐயா. இது முழுக்கச் சட்டப்படியான தொழில்."

"இடத்தைக் கந்தோரிலை எழுதுவியளோ?"

"நீங்கள் எங்கை நிக்கேல்லை எண்டதுதான் எனக்கு வேணும். எங்கை நிண்டனீங்கள் எண்டதை எழுதத் தேவையில்லை."

அண்ணை பெருமூச்சு விட்டார். நான் அணியத்தில், படகின் முன்பக்கத்தில் இருந்தேன். அந்த வருடம் எங்கள் வீட்டுக் கூடுகளில் மீன் படவே இல்லை. வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தாலும் என் கண் கரைப்பக்கம் போய்விட்டது. கோயில் கோபுரம் எதற்கு நேராக நிற்கிறது, இந்தப் பக்கம் எந்த மரக்கூட்டம் தெரிகிறது என்று பார்த்துவிட்டது. கடலில் இடத்தை அடையாளம் வைப்பது அப்படித்தான். மீனவன் வீட்டில் வாழ்ந்த கண், சொன்னால் கேட்குமா? திரும்பினால் அண்ணை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்திட்டாய்" என்றார்.

"ஓம் அண்ணை. பாத்திட்டன்."

"சரி" என்றார். கூட்டைத் திரும்ப இறக்கினார்.

அடுத்த கூட்டத்தில் சிவப்பு நீங்கியது. பெட்டியை மூடமாட்டேன் என்று அண்ணை சொன்னார். அதற்குப் பதிலாக மிஸ் மேலிடத்தோடு கதைத்து ஒரு மாற்றம் செய்வித்தா. வீட்டுப் போன்களில் இனிப் படகு கரைக்குக் கிட்ட வந்த பிறகுதான் தெரியும். முழு வரைபடமும் மிஸ்ஸுக்கும் எனக்கும் மட்டும். பெண்களுக்குக் கோபம். "நீ மட்டும் எல்லாரின்ரை மனிசன்மாரையும் பாத்துக்கொண்டிரு" என்று ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். ஆண்கள் மெல்ல மெல்ல நன்றாக ஒத்துழைக்கத் தொடங்கினார்கள். வேறு சில படகுகளிலும் இருந்து சட்டி, வாளி எல்லாம் சத்தமில்லாமல் வீடு திரும்பியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

எல்லாம் நன்றாக முடிந்தது, என் வீட்டைத் தவிர.

கடலுக்குப் போய்வந்த அன்று என் கணவர் மத்தியானச் சாப்பாட்டில் கை வைத்தபடி கேட்டார்: "எந்தப் பக்கம் போனனீங்கள்?"

"அது அண்ணையின்ரை இடம்" என்றேன்.

"நான் ஆர்?"

"நீங்கள் என்ரை மனிசன்."

"அப்ப?"

"அப்பவும் அது அண்ணையின்ரை இடம்தான்."

பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. வேறு ஒன்றையும் கேட்கவில்லை. தேத்தண்ணி வேண்டுமென்றால் பிள்ளையிடம் சொல்லி அனுப்பினார். மீன்காரர் வீட்டில் பருப்பும் சம்பலுமாக நாட்கள் போயின. சொல்லிவிட்டால் என்ன, அவரும் எங்களுக்குத்தானே உழைக்கிறார் என்று எனக்குப் பல தரம் தோன்றியது. வாய்வரைக்கும் வந்ததும் உண்டு. அப்போதெல்லாம் படகில் அண்ணை சொன்ன அந்தச் "சரி" காதில் கேட்கும். அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தால், ஒருவேளை உடைத்திருப்பேன். ஒன்றுமே கேட்காமல் "சரி" என்று விட்டுவிட்டாரே, அதை என்ன செய்வது?

ஒரு பின்னேரம் என் கணவர் முற்றத்தில் கூட்டுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"என்ரை இடமும் உனக்குத் தெரியுமெல்லே? உந்தக் கந்தோரிலை தெரியும்தானே?"

"தெரியும்."

"மச்சான் வந்து கேட்டா?"

"சொல்லமாட்டன்."

கம்பியை முறுக்கினார். இன்னொன்றை எடுத்தார். பிறகு, "தேத்தண்ணி ஒண்டு ஊத்தன்" என்றார் என்னிடமே.

மச்சான்மார் இரண்டு பேரும் இன்றைக்கும் வேறு வேறு வாங்கில்தான் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு காலையும் நான் அந்த வரைபடத்தைத் திறக்கும்போது, எங்கள் கரையின் ஆண்கள் தங்கள் பெண்சாதிகளுக்கும் சொல்லாத இடங்களெல்லாம் என் கண்முன் விரிய, அவர்கள் ஒருவரும் அதற்காகப் பயப்படவில்லை என்பதைவிடப் பெரிய சம்பாத்தியம் எனக்கு வாய்த்ததில்லை.